ஹார்ன் மட்டும் அடிக்கும் எஞ்சின்

“ஆன்ட்டி, ஒண்ணு அந்த ஹார்னை நிறுத்துங்க, இல்லைன்னா ரயிலையே நிறுத்துங்க. எங்க மாமியால மத்தியானத்துல ஒரு நிமிஷம் கண்ணை மூட முடியல.”

இதைத்தானே சொன்னீங்க? ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை. யார் என்ன சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லிடுவேன், சின்ன வயசிலேருந்து எனக்கு அது வரும். சரி, ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம். முதல்ல, ஆன்ட்டி. உங்க நெத்தியோரம் நாலு நரைமுடி தெரியுது, என் தலையில டை தெரியுது. நமக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான். மாலினின்னு கூப்பிடுங்க. கூச்சமா இருந்தா மிஸஸ் பூபதின்னு கூப்பிடுங்க. ரெண்டாவது, கீழ் வீட்டுக்கு நீங்க குடிவந்து பொங்கல் போய், கோடை போய், இப்ப மழையே வரப்போகுது. இன்னைக்குத்தான் முதல் தடவையா மேல வர்றீங்க, அதுவும் சண்டை போட. பரவாயில்லை, உள்ளே வாங்க. வாசல்ல நின்னு சண்டை போடறது எனக்குப் பழக்கமில்லை. எதிர் ஃப்ளாட் ஆடிட்டர் கதவுக்குப் பின்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேப்பார்.

செருப்பை அங்கேயே விடுங்க. காபி போட்டாச்சு, ஒண்ணும் சிரமம் இல்லை. ரெண்டு டம்ளர் கணக்குலதான் இந்தக் கை இன்னும் பால் ஊத்துது. தினம் ஒண்ணு மீந்து போகும்.

யாஸ்மினா உங்க பேரு? எங்க கிளாஸ்ல ஒரு யாஸ்மின் இருந்தா. கணக்குல புலி, வாயே திறக்க மாட்டா. நீங்களும் அதிகம் பேசறதில்லை போல. சரி, நான் பேசறேன்.

சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்ணால பாத்துட்டுத் திட்டுங்க. இது எங்க பையன் ரூம். அவன் ஸ்டுட்கார்ட் போனதும் எங்க வீட்டுக்காரர் கட்டிலைக் கழட்டிட்டு, சுவத்துக்குச் சுவர் பலகை அடிச்சு ரயில் விட ஆரம்பிச்சார். முழங்கையை அந்த மலைமேல வெக்காதீங்க, தெர்மாகோல். அது பாலம். இது ஸ்டேஷன். பேர்ப்பலகையைப் பாருங்க, போத்தனூர். அவர் பிறந்த ஊர். எஞ்சின் எல்லாம் பையன் அங்கேருந்து அனுப்புவான், இவர் உட்கார்ந்து நம்ம ஊர் பெயிண்ட் அடிப்பார். ரிடையர் ஆகற வரைக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல உட்கார்ந்து, அடுத்தவன் கார் எப்படி நசுங்கிச்சுன்னு எழுதினவர். எதுவும் எதுமேலயும் மோதாத ஒரு உலகம் அப்பாவுக்கு வேணும்மான்னு பையன் சொல்வான். எனக்கு இப்படியெல்லாம் யோசிக்க நேரம் கிடையாது. வீட்டு வேலை யார் பாக்கறது?

அவர் இப்ப இங்கே இல்லை. போத்தனூர்ல அண்ணன் வீட்டுல இருக்கார். நிஜப் போத்தனூர். அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன், கூட ஒரு ஆள் வேணும்னு போனார். சண்டை கிண்டை ஒண்ணும் இல்லை. நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். அண்ணன் இப்ப காலைல எழுந்து பிள்ளையார் கோயிலைச் சுத்தறாராம், ஓர்ப்படி சொன்னா. இவருக்குத்தான் இன்னும் திரும்பி வர டிக்கெட் கிடைக்கலை. ரயில் பைத்தியத்துக்கு ரயில்ல டிக்கெட் கிடைக்கலை, எப்படி இருக்கு பாருங்க.

நடந்தது இதுதான். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் பேர்ல என்ன தப்புன்னு.

பழைய பொம்மை ரயில்ல கரண்ட்டைக் கூட்டினா தண்டவாளத்துல நிக்கிற எல்லாமே ஓடும். இது டிஜிட்டல். தண்டவாளத்துல எப்பவும் முழுக் கரண்ட் இருக்கும், உத்தரவும் அதே தண்டவாளத்துல போகும். ஒவ்வொரு எஞ்சின் வயித்துக்குள்ளயும் என் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கு. டீகோடர்னு பேரு. அதுக்கு ஒரு நம்பர். இந்தக் கன்ட்ரோலர்ல அந்த நம்பரைப் போட்டா அந்த எஞ்சின் மட்டும் காது கொடுக்கும், மத்ததெல்லாம் சும்மா நிக்கும். கிளாஸ்ல ரோல் நம்பர் கூப்பிடற மாதிரி. கடையிலேருந்து வர்றப்போ எல்லாத்துக்கும் மூணுதான் நம்பர். நாமதான் மாத்திக்கணும். நம்பர் மட்டும் இல்லை. கிளம்பறப்போ எவ்வளவு நிதானம், நிக்கறப்போ எவ்வளவு நிதானம், எல்லாத்துக்கும் அந்தச் சில்லுக்குள்ள ஒரு இடம், அதுல ஒரு எண். இவர் வருஷக்கணக்கா உட்கார்ந்து ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதைக் கூட்டிக் குறைச்சுப் பாத்து வெச்சிருந்தார். சரக்கு இழுக்கிற எஞ்சின்னா கனமாக் கிளம்பணுமாம். எனக்கு எரிச்சலா வரும். உத்தரவு கொடுத்துட்டு வாயைப் பாத்துக்கிட்டு நிக்கணும். “என்னங்க, இது கெட்டுப்போச்சா?”ன்னு கேப்பேன். “ம்”பார். கெட்டுப்போச்சுங்கிற ம்மா, இல்லைங்கிற ம்மா?

அதுதான் எனக்கு ஆகாது. எங்க கான்வென்ட்ல ஸிஸ்டர் பெர்னதெத்னு ஒருத்தங்க. கேள்வி கேட்டா முழு வாக்கியத்துல பதில் சொல்லணும். ‘எஸ் ஸிஸ்டர்’னு மொட்டையா நிறுத்தினா, வகுப்பு முடியற வரைக்கும் நிக்கணும். நான் நின்னதே கிடையாது. கல்யாணம் ஆன வாரமே இவர்கிட்ட சொல்லிட்டேன், ம் எல்லாம் எனக்குப் பதில் இல்லைன்னு. நல்ல மனுஷர், முயற்சி பண்ணினார். ‘நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன், மாலினி.’ ‘எனக்கு இன்னும் சாம்பார் வேண்டாம், மாலினி.’ பாடப்புத்தகம் மாதிரி. கொஞ்ச நாள்ல அதுவும் குறைஞ்சு போச்சு. முழுசா சொல்ல வராததை எல்லாம் அப்பா சொல்லாமலே விட்டுட்டார்ம்மான்னு பையன் சொல்வான். அவனுக்கு எல்லாம் தெரியும், அவ்வளவு தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு.

அது மார்கழி. இதோ இந்தப் பச்சை மஞ்சள் எஞ்சின், உங்க மாமியைத் தூங்கவிடாத எஞ்சின் இதேதான், ஓட மாட்டேன்னுடுச்சு. டிபன் முடிச்சு உள்ளே போனவர். தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சார். அப்புறம் சக்கரத்தைத் துடைச்சார். அப்புறம் அதே இடத்துல வேற எஞ்சினை வெச்சுப் பாத்தார், அது ஓடுது. அப்போ தண்டவாளத்துல குத்தமில்லை. ஒண்ணை விலக்கிட்டு அடுத்தது. அதை விலக்கிட்டு அதுக்கடுத்தது. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தக் கூடாதாம், மாத்தினா எது நோய்னே தெரியாமப் போயிடுமாம். டாக்டருக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. நான் வத்தக்குழம்பு வெச்சு, அப்பளம் பொரிச்சு, மேஜைல எடுத்து வெச்சாச்சு. கூப்பிட்டேன். ம். திரும்பக் கூப்பிட்டேன். ம். அப்பளம் நமுத்துப் போச்சு.

உள்ளே போனேன். மேல்மூடியைக் கழட்டிட்டு எஞ்சினை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, இடுக்கியால எதையோ பிடிச்சுக்கிட்டு இருக்கார். வாரா வாரம் பையனோட ஃபோன்ல இதைத்தானே பேசறார், என் காதுல விழாமலா இருக்கும்? எட்டாவது இடத்துல எட்டுன்னு எழுதிட்டா பழசெல்லாம் அழிஞ்சு, எஞ்சின் கடையிலேருந்து வந்த மாதிரி ஆயிடும். ஒரு நொடி வேலை. இதுக்குப் பகல் பூராவா? கன்ட்ரோலரை எடுத்தேன். அவர் தலையைத் தூக்கி, “இரு, இன்னும்”னார். “இன்னும் என்ன? முழுசா சொல்லுங்க”ன்னேன். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அழுத்திட்டேன்.

என்ன ஆச்சுன்னா, இவர் வெச்சிருக்கற கன்ட்ரோலர்ல இப்படி எழுதறதுக்கு முன்னாடி மத்த எஞ்சினை எல்லாம் தண்டவாளத்துலேருந்து எடுத்துடணுமாம். எழுதற உத்தரவுக்கு மட்டும் நம்பர் கிடையாது, யார் நின்னாலும் எடுத்துக்கும். அன்னைக்கு எல்லா எஞ்சினும் தண்டவாளத்துல நின்னுக்கிட்டு இருந்தது. நோயாளி மட்டும்தான் இல்லை. அது அவர் கையில இருந்தது.

சிரிங்க, சிரிங்க. நானும் இப்ப சிரிக்கறேன்.

அத்தனையும் மூணாம் நம்பர் ஆயிடுச்சு. எனக்கு அது தெரியுமா? கடை நம்பர் மூணைப் போட்டுக் குமிழைத் திருகினேன். எல்லாம் ஒண்ணாக் கிளம்பிச்சு. நிதானம்தான் அழிஞ்சு போச்சே, ஒரே பாய்ச்சல். எக்ஸ்பிரஸ் போய் சரக்கு வண்டிமேல, சரக்கு வண்டி போய் ஷெட்மேல. ஒண்ணு பாலத்துலேருந்து தரைக்கு. அவர் கத்தலை. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தி, சாயங்காலக் காபியோட முடிஞ்சிருக்கும். கையில இருந்ததுக்கு மேல்மூடியை மாட்டினார். ஷெட்டுல கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம் முழு வாக்கியமாச் சொன்னார்: “நீ கூப்பிட்டா எல்லாரும் அந்த நிமிஷமே கிளம்பணும், மாலினி.”

அதுல என்ன குத்தம்? கூப்பிட்டா கிளம்பத்தானே வேணும்? நான் அதைப் பாராட்டுன்னே எடுத்துக்கிட்டேன். அந்த வாரமே அண்ணனோட முழங்கால் வந்துடுச்சு.

அதுக்கப்புறம் இந்த ரூமுக்கு யார் இருக்கா? நான்தான். வேலைக்காரி தூசி தட்டக்கூட உள்ளே வரமாட்டா. ஒரு நாள் வந்து உட்கார்ந்தேன். ஒண்ணை மட்டும் தண்டவாளத்துல வெச்சுக்கிட்டு, மத்ததை எல்லாம் எங்க ரூமுக்குக் கொண்டுபோய் அவர் தலகாணிமேல வரிசையாப் படுக்கவெச்சேன். காலியாத்தானே கிடக்கு. அப்புறம் ஒவ்வொண்ணுக்கா நம்பர் திருப்பிக் கொடுத்தேன். சால்டரிங் வெக்கக் கத்துக்கிட்டேன். இந்த நைட்டில ஓட்டை பாருங்க, அதுதான் ஃபீஸ்.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க, வேடிக்கையா இருக்கும். இந்த டீகோடருக்கு வாய் கிடையாது. ‘உன் மூணாவது இடத்துல என்ன எண் வெச்சிருக்கே?’ன்னு நாம கேட்டா அது எப்படிச் சொல்லும்? கன்ட்ரோலர் ஒவ்வொரு எண்ணாக் கேட்டுக்கிட்டே போகும், இதுவா, இதுவா, இதுவான்னு. சரியான எண் வர்றப்போ எஞ்சின் மோட்டாரை ஒரு துளி அசைக்கும். ஒரு துடிப்பு, அவ்வளவுதான். அதுதான் ஆமாம். இல்லைங்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது, சும்மா இருக்கும். முதல்ல எனக்கு அதைக் கவனிக்கவே தெரியலை. பதில் சொல்லத் தெரியாத வண்டின்னு திட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் விரலை மேல வெச்சேன். விரல்ல தெரிஞ்சது. அதிலேருந்து எனக்கு அது பழகிப்போச்சு. ஒரு துடிப்பு வந்தா அன்னைக்கு நல்ல நாள். வாக்கியமா கேக்கறோம் எஞ்சின்கிட்ட?

நம்பர் கொடுத்தாச்சு, நிதானத்துக்கு எங்கே போறது? அவர் எதுக்கு என்ன எண் வெச்சிருந்தார்னு பையனுக்கும் தெரியலை. அவருக்கே மெசேஜ் போட்டேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு, பதில் வரலை. தினம் ஒரு வீடியோ அனுப்பறேன், இன்னைக்கு இந்த எஞ்சின் எழுந்தது, இன்னைக்கு அந்த எஞ்சின் எழுந்ததுன்னு. அனுப்பின கையோட நீலமாயிடும். நீலமாகறது எல்லாம் ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்க. மனுஷன்னா வாயைத் திறந்து பேசணும்.

அப்பத்தான் உறைச்சது. இந்தப் பச்சை மஞ்சள், அன்னைக்கு அவர் கையிலதானே இருந்தது? நான் அழிச்சது இதைத் தொடவே இல்லையே. அவர் வெச்ச எண் அத்தனையும் இதுக்குள்ள அப்படியே இருக்கு. இந்த வீட்டுல அவரோட நிதானம் மிச்சம் இருக்கறது இது ஒண்ணுலதான். இதைப் படிச்சு எடுத்துட்டா மத்ததுக்கும் அதையே எழுதிடலாம். அவர் விட்டுட்டுப் போன மாதிரியே எல்லாத்தையும் ஓடவிட்டு ஒரு வீடியோ. அதைப் பாத்துட்டு அங்கே எப்படி உட்கார்ந்திருப்பார்? டிக்கெட் தானா கிடைச்சுடும்.

ஆனா இது ஓடலை. படிக்கவும் முடியலை. கேட்டா, ‘பதில் இல்லை’ன்னு கன்ட்ரோலர்ல எழுத்து வருது. செத்துப்போச்சோன்னு பாத்தா, ஹார்ன் மட்டும் அடிக்குது. நம்பரைப் பக்கவாட்டுல பெயிண்ட்லயே எழுதி வெச்சிருக்கார், அதைப் போட்டு ஹார்னை அமுக்கினா உங்க வீடு வரைக்கும் கேக்குது. அப்போ இதுக்குக் காது இருக்கு. நான் சொல்றது எல்லாம் கேக்குது. பதில் மட்டும் கிடையாது. இப்ப எட்டுல எட்டு எழுதினா ஒருவேளை எழுந்திருக்கும்னு தோணும். கை அதுவரைக்கும் போகும். எழுத மாட்டேன். எழுதினா அவர் வெச்சது போயிடும். அதனால தினம் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து ஒரு தடவை ஹார்ன் அடிச்சுப் பாப்பேன், இன்னும் காது கேக்குதான்னு. உங்க மாமி கேட்டது அதைத்தான்.

திறந்து பாக்கலையான்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. இதோட மேல்மூடியை ரெண்டு பக்கமும் விரலால விரிச்சுப் பிடிக்கணும், அதே நேரத்துல அடிப்பாகத்தைக் கீழே இழுக்கணும். பலவந்தமா இழுத்தா உள்ள இருக்கற வயர் அறுந்துடும். மத்ததை எல்லாம் துணிஞ்சு திறந்துட்டேன். இதைத் திறக்க மூணு கை வேணும், யாஸ்மின். எனக்கு ரெண்டுதான் இருக்கு. யாரைக் கூப்பிடறது? ஆடிட்டரையா?

காபியை அங்கே வெச்சுட்டு இப்படி வாங்க. இங்கே, இந்த விளிம்புல. அழுத்தாதீங்க, விரிங்க. மெதுவா. இன்னும் மெதுவா. பாருங்க, நான் ஒருத்தர்கிட்ட மெதுவான்னு சொல்றேன். ஆங், வந்துடுச்சு. உங்க ஃபோன்ல டார்ச் போடுங்க.

இதென்ன?

கிட்ட வாங்க. இந்த ஆரஞ்சு வயர் மோட்டார்ல ஒட்டியிருக்கு. அதோட ஜோடி இந்தச் சாம்பல் கலர் வயர். தனியா நிக்குது, முனையில டேப் சுத்தி. இது அறுந்தது இல்லை. கழட்டினது. மோட்டார்ல நோயா, டீகோடர்ல நோயான்னு பிரிச்சுப் பாக்கக் கழட்டியிருக்கார். அன்னைக்கு இடுக்கியால பிடிச்சுக்கிட்டு இருந்தாரே, இதைத்தான். மோட்டார்தானே இதுக்கு வாய். வாயைக் கழட்டி வெச்சுட்டுப் பதில் சொல்லுன்னா எப்படிச் சொல்லும்?

இப்பத் தெரியுதா யார் தப்புன்னு? கழட்டினவர் சொல்லிட்டுப் போக வேண்டாமா? ‘மாலினி, சாம்பல் வயரை இன்னும் மாட்டலை.’ அஞ்சே வார்த்தை. ‘இரு, இன்னும்’னு பாதியில நிறுத்தினா யாருக்கு என்ன புரியும்?

டார்ச்சை ஆட்டாதீங்க. சால்டரிங் வெச்சு இந்த வயரை மாட்டிடறேன். புகை வரும், பயப்படாதீங்க. ஆச்சு. மேல்மூடி அப்புறம் போடலாம். இது தனித் துண்டுத் தண்டவாளம், இதுல வேற யாரும் கிடையாது, நான் இப்ப எல்லாம் கவனமாத்தான் இருக்கேன். உங்க விரலை இதுமேல வையுங்க. சும்மா வையுங்க, கடிக்காது. கேக்கறேன். இதுவா, இதுவா, இதுவான்னு போய்க்கிட்டு இருக்கு.

தெரிஞ்சதா? உங்களுக்கும் தெரிஞ்சதுதானே? எண் வந்துடுச்சு, பாருங்க. நாப்பத்தெட்டு. கிளம்பற நிதானத்துக்கு நாப்பத்தெட்டு வெச்சிருக்கார் மனுஷர். நான் மத்ததுக்கெல்லாம் அஞ்சு வெச்சிருந்தேன், அதுவே அதிகம்னு நினைச்சேன்.

இப்ப பெரிய தண்டவாளத்துல விடறேன். அன்னைக்கு என்னதான் நோய்னு இனிமே யாருக்கும் தெரியாது. சக்கரத்து அழுக்கா இருந்திருக்கும், அதைத்தான் அவர் அன்னைக்கே துடைச்சுட்டாரே. குமிழைத் திருகிட்டேன். இல்லை, கெட்டுப்போகலை. இருங்க. இருங்கன்னா இருங்க, யாஸ்மின், இது இப்படித்தான் கிளம்பும். முதல்ல சத்தம் மட்டும் ஏறும். அப்புறம்தான்.

இதோ.

ஸ்டேஷனைத் தாண்டற வரைக்கும் வீடியோ எடுத்துக்கறேன். அனுப்பியாச்சு. பாத்துட்டார். பாருங்க, அதுக்குள்ள நீலம். ஃபோனைக் கையிலேயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார் போல. பதில்? ஒண்ணும் கிடையாது. வரும், வரும்.

கீழேருந்து ஃபோனா? மாமி எழுந்துட்டாங்களா. போங்க, போங்க. காபியைக் குடிக்கவே இல்லையே நீங்க. பரவாயில்லை.

ஒரு நிமிஷம். ஹார்ன் விஷயமாத்தானே வந்தீங்க? மத்தியானத்துல இனி அடிக்க மாட்டேன். அடிச்சுப் பாக்கற அவசியமே இல்லையே, இப்பத்தான் பதில் சொல்லுதே. ஆனா ஒண்ணு கேக்கறேன். சாயங்காலம், உங்க மாமி எழுந்து டீ எல்லாம் குடிச்ச பிறகு, சத்தத்தைக் குறைச்சு வெச்சு ஒரே ஒரு தடவை அடிக்கறேன். கேட்டா, ஒட்டடைக் குச்சியால உங்க கூரையில ஒரு தட்டு தட்டுங்க. மேலே வர வேண்டாம். பேச வேண்டாம். ஒரு தட்டு, அவ்வளவுதான். எனக்குப் பாதத்துல தெரிஞ்சுடும், வீட்டுக்குள்ள நான் செருப்புப் போடறதில்லை.

என்ன, சரியா?

யாஸ்மின், லிஃப்ட் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி தலையை ஆட்டிட்டுப் போனாக்கூடப் போதும்.

போயிட்டீங்களா. சரி, இந்நேரம் வீட்டுக்குள்ள போயிருப்பீங்க. மாமிதான் முழிச்சுக்கிட்டு இருக்காங்களே. இப்பவே ஒண்ணு அடிக்கறேன், சின்னதா. கேட்டா தட்டுங்க.